விட்டுக்கொடுத்த வண்டி

வசிதி வேலை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்தபோது கூடத்துப் பாயின் நடுவில் ஒரு வேர்க்கட்டு கிடந்தது. அதற்கு அப்பால், அடுப்படி வாசலில், அவள் கணவன் எபராமா மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

வேரைவிடக் கிழங்குதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. கேட்காமலே அவன் கிழங்கு உரித்தால் எங்கோ எதையோ உடைத்திருக்கிறான் என்று பொருள்.

"யாரு வந்தது?"

"சக்கியூசா."

"எதுக்கு?"

"சும்மா, மரியாதைக்கு."

"மரியாதைக்கு வர்றவன் கைப்பிடி வேர் கொண்டு வருவான். இது பொண்ணு கேட்டு வர்ற கட்டு மாதிரி இருக்கு. நம்ம வீட்ல பொண்ணும் இல்ல. என்ன கேட்டான்?"

எபராமா இன்னொரு கிழங்கை எடுத்தான்.

"கை தட்டிட்டியா?" என்றாள் வசிதி.

கத்தி நின்றது. "வசிதி, அது எப்படி ஆச்சுன்னா..."

"தட்டிட்டே."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஒரு காலில் செருப்பு இன்னும் கழற்றப்படாமல் இருந்தது.

எப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும். யங்கோனா என்பது ஒரு செடியின் வேர். இடித்து, தண்ணீரில் பிசைந்து, வடிகட்டிக் குடிப்பார்கள். சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும், நாக்கு மரக்கும், மனசு சாந்தமாகும். ஆனால் குடிப்பதற்கு முன்பே, காய்ந்த கட்டாகப் பாயில் கிடக்கும்போதே அது வேலை செய்யத் தொடங்கிவிடும். வந்தவர் வேரை முன்னால் வைத்து, வந்த காரியத்தைப் பேசுவார். வீட்டுக்காரர் வேரைத் தொட்டு, உள்ளங்கைகளைக் குழித்துக் கனமாகத் தட்டினால் கேட்டதைக் கொடுத்தாயிற்று. கையெழுத்தை அழித்துவிடலாம். தட்டிய கையை மீண்டும் தட்டாத கையாக ஆக்க முடியாது.

அதனால்தான் நல்லவர்கள் இரண்டு வேர் கொண்டு வருவார்கள். முதல் வேர் வாசலுக்கு: உள்ளே வரலாமா என்று கேட்பது. அதற்குத் தட்டாதவன் மனுஷனே இல்லை. இரண்டாவது வேர் காரியத்துக்கு. அதற்குத் தட்டுவதற்கு முன் வீட்டுக்காரர் யோசிக்கலாம், கூரையைப் பார்க்கலாம், மனைவி வரட்டும் என்றுகூடச் சொல்லலாம்.

சக்கியூசா ஒரே வேரோடு வந்தான்; வாசலுக்கும் காரியத்துக்கும் சேர்த்து ஒரே தட்டு. லகூன் ஏர் விமானக் கம்பெனியில் அவன் ஆள் நிர்வாக மேலாளர். எபராமா அதே கம்பெனியின் விமானக் கொட்டகையில் மெக்கானிக். தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர். சக்கியூசா கீழே உட்கார்ந்து, எபராமாவின் பாட்டன்மார்களைப் புகழ்ந்தான். அவர்கள் மீன்பிடித்த பவளப்பாறையைப் புகழ்ந்தான். இந்த வீட்டு அடுப்பு என்றும் அணையாதிருக்கட்டும் என்றான். பிறகு மூச்சு வாங்க நிறுத்தினான். நல்ல நீளமான மூச்சு. பேச்சு முடிந்தது என்று நினைத்து, மரியாதை தெரிந்த எபராமா வேரைத் தொட்டுக் கை தட்டினான். "வினாகா, வினாகா" என்று நன்றியும் சொன்னான்.

"அதோட," என்றான் சக்கியூசா, "அந்த விடியற்கால வண்டியை மட்டும் விட்டுக்கொடுத்துடுங்க."

---

லகூன் ஏரின் விமானங்கள் சிறியவை. போகிற தீவுகளில் ஓடுதளம் புல்தரை, விளக்கு கிடையாது. மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று எழும்பிவிடும். அதனால் முதல் விமானம் சூரியனோடு சேர்ந்து கிளம்பியாக வேண்டும். சூரியனோடு கிளம்ப வேண்டுமானால் இருட்டிலேயே யாராவது வந்து டிக்கெட் பார்க்க வேண்டும், உள்ளே பெருக்க வேண்டும், எடை போட வேண்டும்.

எடை என்றால் பெட்டிக்கு மட்டுமில்லை. ஆட்களுக்கும்தான். கைப்பையோடு தராசில் ஏறி நிற்க வேண்டும். முள்ளின் முகம் வசிதியின் பக்கம் திரும்பியிருக்கும். அவள் யாருடைய எடையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கூட்டி, யார் எங்கே உட்கார்ந்தால் விமானம் மூக்கைத் தாழ்த்தாமல், வாலையும் தாழ்த்தாமல் பறக்கும் என்று பார்த்து இடம் கொடுப்பாள். பருத்த பாதிரியாரை இறக்கைப் பக்கம் வைப்பாள். அவருடைய ஒல்லி மனைவியைப் பின்னால் அனுப்புவாள். "புருஷன் பெண்டாட்டியைப் பிரிக்கிறியே" என்று பாதிரியார் சொன்னால், "இறங்கினதும் கர்த்தர் சேர்த்து வைப்பார், பாஸ்டர்" என்பாள். அந்தத் தாளில் அவள் கையெழுத்து விழாமல் பைலட் எஞ்சினைத் தொடமாட்டார்.

இந்த இருட்டு வேலையெல்லாம் பெண்களுடையது. சாமான் ஏற்றும் ஆண்களும் இருட்டில்தான் வர வேண்டும். ஆனால் அவர்களுக்கு ஓடுதளத்தை ஒட்டியே கம்பெனி வரிசை வீடு கட்டிக்கொடுத்திருந்தது. ஆண்களுக்கு மட்டும். கொட்டகை ஆட்கள் விடிந்து, சாப்பிட்டு, வருவார்கள். பெண்களுக்கு ஒரு வண்டி. கரும்புக்காடுகளுக்கு நடுவிலுள்ள குடியிருப்புகளில் அவர்களைப் பொறுக்கி எடுத்து வரும் பழைய வேன். அது வேண்டும் என்று எப்போதோ சண்டை போட்டு ஒப்பந்தத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். குயின்ஸ் ரோட்டில் முதல் பஸ் வரும்போது முதல் விமானம் கடலுக்கு மேல் போயிருக்க வேண்டும்.

"அதை நான் யோசிக்கலன்னு நினைக்கிறியா?" என்றான் எபராமா. "கம்பெனி நஷ்டத்துல ஓடுது. டூரிஸ்ட் பாதிதான் வர்றான். ஏதாவது ஒண்ணை விட்டுக்கொடுங்க, இல்லன்னா ஆளைக் குறைக்கிறோம்ங்கிறாங்க."

"விட்டுக்கொடு. உன்னோடதை விட்டுக்கொடு."

"நாளைக்குக் கூட்டத்துல பேசலாம்."

"கை தட்டிட்டு என்னத்தைப் பேசறது?" என்றாள் வசிதி. "கிழங்கைக் கொடு. பாதிச் சதை தோலோட போவுது."

---

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து, மத்தியானச் சாப்பாடும் முடிந்து, சங்கக் கூட்டம் ஜான்கி வீட்டுக் கரும்புக் கொட்டகையில் கூடியது. ஜான்கி விமானங்களைச் சுத்தம் செய்கிறவள். கொட்டகையைக் கொடுத்தவள் என்பதால் அவளுக்கு எதையும் பேசும் உரிமை இருந்தது, கொடுக்காவிட்டாலும் பேசுவாள்.

யங்கோனா பிசைந்த கலயம் நடுவில். அதற்கு மேற்புறம் ஆண்கள். கீழ்ப்புறம், செருப்புகள் கிடக்கும் வாசல் பக்கம், பெண்கள். கிண்ணம் மேலிருந்து கீழே வரும். பேச்சும் அப்படியே.

எபராமாவின் மாமன் மகன் இனோகே முதலில் எழுந்தான். சாமான் ஏற்றுகிறவன்; வரிசை வீட்டில் இருக்கிறவன்.

"ஒப்பந்தத்துல கம்பெனிக்குச் செலவு வைக்கிறது மூணு. ஞாயித்துக்கிழமை ரெட்டைச் சம்பளம். விமானக் கொட்டகையில சூடான சாப்பாடு. விடியக்கால வண்டி. மூணுல ஒண்ணு போகணும். ஆளுங்க வீட்டுக்குப் போறதைவிட ஒரு வண்டி போறது மேல். நான் சொல்றது சரிதானே, மச்சான்?"

"ரொம்ப சரி," என்றாள் ஜான்கி, மச்சானுக்கு முந்திக்கொண்டு. "அப்ப ரெட்டைச் சம்பளம் போகட்டும்."

மேற்புறத்தில் யாரோ இருமினார்கள்.

"அது சம்பளம், அக்கா. வண்டிங்கிறது ஒரு வசதி."

"ஓ! உனக்கு வர்றதெல்லாம் சம்பளம். எனக்கு வர்றதெல்லாம் வசதி."

வாசல் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"சரி, சாப்பாடு?"

"இரும்பு தூக்குறவனுக்கு உடம்புல தெம்பு வேணாமா?"

"இருட்டுல கரும்புக்காட்டு வழியா நடக்கிறவளுக்கு உடம்பே இல்லையா, தம்பி? லாரிக்காரன் அப்படி நினைக்கிறதில்லையே. வண்டியை மெதுவாக்கி, ஏறிக்கிறியான்னு கேட்கிறான். நல்லா உடம்பு தெரிஞ்சுதான் கேட்கிறான்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இனோகே கிண்ணத்தைப் பார்த்தான். "வீட்டுக்காரங்க கொண்டாந்து விடலாம்ல?" என்றான்.

"எதுல? உன் மச்சானுக்கு இருக்கிறது ஒரு குதிரை. அதுக்கும் மூட்டுவலி."

வசிதி எழுந்தாள். பெண்கள் உட்கார்ந்தபடியே பேசுவதுதான் வழக்கம். நிற்பதைப் பார்த்ததும் எபராமா பாயின் ஓரத்தைத் தடவத் தொடங்கினான்.

"போன வருஷம் அந்த வேன் ஒரு வாரம் ரிப்பேர் ஆச்சு. ஞாபகம் இருக்கா? அந்த ஒரு வாரத்துல கவுண்டர்ல ரெண்டு பொண்ணுங்க வேலையை விட்டுட்டுப் போனாங்க. யாரும் அவங்களை நீக்கல. அவங்களால வர முடியல, அவ்வளவுதான். இப்ப வண்டியே போயிட்டா? ஒவ்வொருத்தியா நின்னுடுவோம். கம்பெனி ஆளைக் குறைக்கல, நாங்களாவே குறைஞ்சோம்னு இருக்கும். ஆளுங்க போகக் கூடாதுன்னுதானே விட்டுக்கொடுக்கிறீங்க? போகப்போறதும் ஆளுங்கதான். என்ன, அந்த ஆளுங்க இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்காங்க."

நல்ல பேச்சுக்கு நல்ல பதில் இல்லாதபோது வழக்கம் உதவிக்கு வரும். எபராமா மெதுவாகச் சொன்னான்:

"நான் கை தட்டிட்டேன், வசிதி."

"தட்டினது நீ. நடக்கப்போறது நான்."

"பெரிய வேர் ஒண்ணு கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டு மாத்தலாமே?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். வழி இருக்கத்தான் செய்தது. ஆனால் அப்படிச் செய்தால் எபராமா பேச்சு மாறியவன் ஆவான். அவன் ஊர் தலைகுனியும். ஒரு பக்கம் ஓர் ஆணின் வெட்கம், மறுபக்கம் பெண்கள் நடக்கப்போகும் இருட்டு. அந்தக் கொட்டகையில் தராசு இல்லை. இருந்திருந்தாலும் முள்ளின் முகம் மேற்புறம் திரும்பியிருக்கும்.

கை தூக்கச் சொன்னார்கள். ஆண்களின் கைகள் அதிகம். வண்டி போயிற்று.

இனோகே தீர்மானம் சொன்னான்: "நம் சகோதரிகளின் தியாகத்தை இந்தச் சங்கம் என்றும் மறக்காது."

"தியாகம்னா கொடுக்கிறவ கொடுக்கணும், தம்பி," என்றாள் ஜான்கி. "கேட்காம எடுத்துக்கிட்டா அதுக்கு வேற பேரு. கொட்டகை வாடகை வேணாம், கிளம்புங்க."

அந்த நேரத்தில் நன்றி சொல்லச் சக்கியூசா உள்ளே வந்தான். எல்லோர் முகமும் இறுகியது. வசிதி மட்டும் வாயைத் திறந்தாள்.

"வாடா, கிழட்டு நண்டே! உங்க ஊர்ல சட்டையை இஸ்திரி போட மாட்டாங்களா? இல்ல, உன்னையும் சேர்த்துப் போட்டுட்டாங்களா?"

"இருக்கியா, தேங்காய்த் திருடி?" என்றான் அவன், உற்சாகமாக. "உங்க தீவு இன்னும் முழுகலையா?"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. பெருமூச்சுவிடுவதுபோன்ற சிரிப்பு.

இது சண்டை இல்லை, உறவு. வசிதி பிறந்த தீவும் சக்கியூசா பிறந்த ஊரும் ஆதியில் ஒரே தெய்வத்தின் பிள்ளைகள் என்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் தௌவூ. தௌவூக்காரர்கள் என்ன வசவும் பேசிக்கொள்ளலாம். ஒருவர் வீட்டுச் சாமானை மற்றவர் எடுத்துக்கொண்டும் போகலாம். பறிகொடுத்தவர் கோபப்படக் கூடாது, சிரிக்க வேண்டும். சிரிக்காவிட்டால் அவர் ஊருக்கே இழுக்கு. ஒரே ஒரு நிபந்தனை உண்டு: சத்தம் போட்டு எடுக்க வேண்டும். சத்தம் போட்டு எடுத்தால் உறவு, சத்தமில்லாமல் எடுத்தால் திருட்டு. போன கிறிஸ்துமஸுக்கு வசிதி அவன் முற்றத்திலிருந்து இரண்டு வாத்துகளைப் பிடித்துக்கொண்டு போனாள். பொங்கலுக்கு வாங்கிய கடனைத் தீபாவளிக்குத் தீர்ப்பதுபோல, அவன் ஈஸ்டருக்கு வந்து அவளுடைய புதுப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனான்.

---

புது ஒப்பந்தம் நடப்புக்கு வந்த திங்கட்கிழமை. கீழ்வானம் வெளுப்பதற்கு முன்பே வசிதி சீருடையோடு கிளம்பினாள். எபராமா விழித்துத்தான் இருந்தான். "ரோடு வரைக்கும் நான் வரட்டுமா?" என்றான்.

"ரோட்டுல நின்னு என்ன பண்ணுவே? கை தட்டுவியா?"

இரண்டு பக்கமும் ஆளுயரக் கரும்பு. நடுவில் அவளுடைய டார்ச் வெளிச்சம். ஏதோ ஒரு நாய் பின்னாலேயே வந்து, என்ன நினைத்ததோ, திரும்பிப் போனது. அவள் பயந்துகொண்டேதான் நடந்தாள். பயத்தோடு கணக்கும் போட்டாள்: இங்கிருந்து விமான நிலையம் வரை நடந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. ஆனால் பாதை ரோட்டில் முட்டும் இடத்தில், மேட்டின்மேல், கம்பெனி கொடுத்த வீடு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் கம்பெனி கொடுத்த பெரிய கார் ஒன்று நிற்கிறது. நாலு கதவு, பின்னால் சாமான் தட்டு.

வேலிக்கு வெளியே நின்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்:

"ஏ கிழட்டு நண்டே! பொந்தைவிட்டு வெளிய வா! உன் எஜமானி வந்திருக்கேன்! உன் காரை எடுத்துட்டுப் போறேன்!"

பக்கத்து வீடுகளில் விளக்கு எரிந்தது. அதுதான் வேண்டும். சக்கியூசா சூலு வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். தூக்கத்தில் முகம் ஒரு பக்கமாக இருந்தது.

"காரையா? வசிதி, வாத்து இருக்கு, புதுக் குடை இருக்கு..."

"மழை பெய்யல. கார் போதும்."

அக்கம்பக்கத்துக்காரர்கள் ஜன்னலில் காத்திருந்தார்கள். சக்கியூசாவின் மனைவிதான் முதலில் சிரித்தாள். ஆணியிலிருந்த சாவியை எடுத்துவந்து, "கிளட்ச் கொஞ்சம் கடுசு, அண்ணி. பார்த்து மிதிங்க," என்று கொடுத்தாள். பிறகு ஜன்னல்கள் சிரித்தன. கடைசியில் சக்கியூசாவும் சிரித்தான். வேறு வழி அவன் முன்னோர்கள் வைத்திருக்கவில்லை.

வசிதி தன் தீவில் அப்பாவின் கொப்பரை லாரியை ஓட்டிப் பழகியவள். கார் அவளுக்கு விளையாட்டு. குடியிருப்பு குடியிருப்பாகப் போய்ப் பெண்களை ஏற்றினாள். ஜான்கி முன்சீட்டில் உட்கார்ந்து, குளிர்சாதனத்தின் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். "ஆபீசருங்க இவ்வளவு குளிர்லயா இருக்காங்க? அதான் மூளை உறைஞ்சு போகுது," என்றாள். முதல் விமானம் சூரியனோடு கிளம்பியது.

அன்று சாயங்காலம் வீட்டில் எபராமா வசிதியிடம் கேட்டான்: "எல்லாரும் வந்துட்டீங்களா?"

"வந்துட்டோம்."

"பார்த்தியா? ஒண்ணும் ஆகலையே! வீணா பயந்தீங்க." அவன் முகத்தில் உண்மையான நிம்மதி. கார் விஷயம் தெரிந்தபோது இன்னும் நன்றாகச் சிரித்தான். மறுநாள் கொட்டகையில் எல்லோருக்கும் அதை நடித்தே காட்டினான்.

செவ்வாயும் கார் போனது. புதனும் போனது. சக்கியூசா முதல் பஸ்ஸில் சந்தைக்குப் போகும் கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தாமதமாக வந்து சேர்ந்தான். புதன் இரவு சாவியைத் தலையணைக்கு அடியில் ஒளித்தான். வியாழன் விடியலில் வசிதி சத்தம் போட்டபடி அவனுடைய ஒரே ஜோடி ஆபீஸ் ஷூவையும் கெட்டிலையும் எடுத்துக்கொண்டு போய், பக்கத்து வீட்டுக்காரரின் காரில் மற்றப் பெண்களையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வேடிக்கையை விடியும்வரை பார்க்க விரும்பியதால் சந்தோஷமாகக் கொண்டுவந்து விட்டார். சக்கியூசா அன்று ரப்பர் செருப்பில் அலுவலகம் வந்தான். வெள்ளிக்கிழமை சாவி ஆணிக்குத் திரும்பிவிட்டது.

தலைமை மேலாளர் ஹாலம், கம்பெனியின் தலைமை அலுவலகம் இருக்கும் பிரிஸ்பேனிலிருந்து வந்தவர், அவனைக் கூப்பிட்டார்.

"உன் கார் எங்கே?"

"எடுத்துட்டுப் போயிருக்காங்க, சார்."

"திருட்டா?"

"இல்லை, சார்."

"நீ கொடுத்தியா?"

"இல்லை, சார்."

"கொடுக்கவும் இல்லை, திருடவும் இல்லைன்னா நடுவுல என்ன இருக்கு?"

"சிரிப்பு இருக்கு, சார்."

"போலீஸ்ல சொல்லு."

"சொல்லலாம், சார். இன்ஸ்பெக்டர் எங்க ஊர்க்காரர். எனக்கும் சேர்த்து அவர் சிரிப்பார்."

ஹாலமுக்கு விளங்கவில்லை. அவருக்கு விளங்கியது வேறு: பெண்களின் வண்டியை நிறுத்தியும் ஒரு விமானம்கூடத் தாமதமாகவில்லை. அந்த வண்டி தேவையற்ற செலவு என்பது நிரூபணமானது. அப்படியே பிரிஸ்பேனுக்கு எழுதினார். பிரிஸ்பேன் பாராட்டியது. ஆனால் மேலாளர் ஒருவர் பஸ்ஸில் வருவது கம்பெனியின் கௌரவத்துக்குப் பொருந்தாதே? இதற்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பின்முற்றத்தில் சும்மா நிற்கும் பழைய வேனைத் துடைத்து, புது டயர் போட்டு, விடியற்காலையில் சக்கியூசாவை அழைத்துவர அனுப்பலாம்.

வேனின் கதவில் பளிச்சென்று எழுதினார்கள்: அதிகாரிகளுக்கு மட்டும்.

பழைய ஓட்டுநர்தான். வேனை ஜான்கியின் குடியிருப்பில் தன் வீட்டு முன்னால்தான் நிறுத்துவார். முதல் நாள் விடியலில் அவர் கதவைத் திறந்தபோது உள்ளே ஜான்கி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எழுதியிருக்கிறதைப் பார்க்கலையா? இது ஆபீசருக்கு."

"பார்த்தேன். ஆபீசரை ஏத்திக்கத்தான் போறோம். வண்டியை எடு."

வழியில் மற்றவர்கள் ஏறினார்கள். வசிதி ஏறினாள். மேட்டு வீட்டின் முன் நின்றதும், "நண்டே, உன் வண்டியையும் எடுத்துக்கிட்டோம்!" என்று கத்தினாள். சக்கியூசா கதவைத் திறந்தான். ஒரே ஓர் இடம் மீதி இருந்தது, பின்சக்கரத்துக்கு மேலே மேடாக இருக்கும் அந்தச் சீட். சிரித்துவிட்டு முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தான்.

இப்படியே மாதங்கள் ஓடின. சங்கக் கூட்டங்களில் இனோகே இதைச் சொல்லாமல் இருப்பதில்லை: விட்டுக்கொடுத்தோம், ஒருவருக்கும் வேலை போகவில்லை, வண்டியும் வந்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது வசிதி கேட்டாள்: "வண்டியைத் திரும்ப எழுதி வாங்குங்க."

"அதான் வருதே, எதுக்கு எழுதணும்?" என்றான் எபராமா. "எழுதுங்கன்னு கேட்டா ரெட்டைச் சம்பளத்துல கை வைப்பாங்க. சிரிச்சுக்கிட்டே போய் வர்றீங்க. அதைக் கெடுத்துக்காதே."

"சிரிப்பு நின்னுட்டா?"

"தௌவூ நிக்குமா? அது தெய்வம் போட்ட உறவு."

மேற்புறத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். ரெட்டைச் சம்பளத்துக்கு மட்டும் அவர்கள் தெய்வத்தை நம்பியிருக்கவில்லை. அது எழுத்தில் இருந்தது.

அடுத்த வாரம் ஒரு விடியலில், வேன் கரும்பு ரயில் தண்டவாளத்தைக் குலுங்கிக் கடந்தபோது, சக்கியூசா தன் உயரமான சீட்டிலிருந்து சொன்னான்:

"வசிதி, செலவைக் குறைச்சதுக்காக எனக்குப் பதவி உயர்வு கொடுத்திருக்காங்க. அடுத்த மாசம் தலைநகர் சுவா ஆபீசுக்குப் போறேன்."

"அடப்பாவி! எங்க வண்டியை எடுத்ததுக்கா?"

"அதுக்குத்தான்." அவனுக்கும் அது சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. "எனக்கு அப்புறம் வர்றவன் வடக்குத் தீவுக்காரன். உங்களுக்கும் அவனுக்கும் தௌவூ கிடையாது. அவன் கார் சாவியைத் தொட்டா அது திருட்டு. இந்த வண்டியில ஏறினாலும் இறக்கி விட்டுடுவான். நான் முன்னாடியே சொல்லிடறேன். அப்ப என்ன பண்ணுவீங்க?"

வேனுக்குள் யாரும் ஆச்சரியப்படவில்லை. தினமும் ஒரே வண்டியில் ஒருத்தியின் தோளில் இன்னொருத்தி சாய்ந்து வருகிறவர்கள் நிறையப் பேசியிருப்பார்கள். மேட்டு வீடு வருவதற்கு முன்னால் பேசுவதற்கு நல்ல தூரம் இருக்கிறது.

"பஸ்ல வருவோம்," என்றாள் வசிதி.

"எந்த பஸ்ல?"

"முதல் பஸ்லதான். எல்லாரும் ஒண்ணா. வண்டி கிடையாதுன்னு எழுதியிருக்கீங்க. நடந்து வரணும்னு எங்கேயும் எழுதலையே."

சக்கியூசா முதல் பஸ்ஸை நன்றாக அறிந்தவன். அது எந்தெந்த நிறுத்தத்தில் மூட்டை ஏற்றும், எங்கே ஓட்டுநர் டீ குடிக்க இறங்குவார், விமான நிலையத்தின் முன் நிற்கும்போது சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். தராசின் முன் வரிசையாக நிற்கும் பயணிகளையும், கையெழுத்தில்லாத தாளையும், எஞ்சினைத் தொடாத பைலட்டையும் அவன் ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தான்.

"நல்ல வேடிக்கைதான், தேங்காய்த் திருடி," என்றான்.

வழக்கப்படி அவன் சிரித்தான். வண்டியில் வேறு யாரும் சிரிக்கவில்லை.